ஸ்டெல்லா சேலத்துக்கு இறங்கிய நாள்

அடிவாரத்தில் பஸ் நின்றதும் ஒரு பெண் எலுமிச்சம்பழக் கூடையோடு ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள். "ஏனுங்கம்மா, ஒண்ணு வாங்கிக்குங்க. மோந்து பாத்துக்கிட்டே போனா வாந்தி வராதுங்க." நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். நான் மலேசியாவில் ஈப்போக்காரி. கேமரன் மலைக்கு எத்தனையோ தடவை பஸ்ஸில் ஏறி இறங்கியவள். கொண்டை ஊசி வளைவுகள் எனக்குப் புதிதல்ல என்ற மிதப்பு.

ஆறாவது வளைவில், ஏறியதுமே என் ஊரை விசாரித்திருந்த பக்கத்து இருக்கைக்காரரிடம் அவருடைய எலுமிச்சம்பழத்தை இரவல் கேட்டேன். அவர் அதை வேட்டியில் துடைத்துக் கொடுத்துவிட்டு, "மலேசியாவுல வளைவெல்லாம் கொஞ்சம் நேரா இருக்குமோ என்னமோ" என்றார். முன்னால் யாரோ சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். வாயைத் திறக்க முடியவில்லை.

ஏற்காட்டுக்கு நான் வந்தது சுற்றிப் பார்க்க அல்ல. என் சித்தி மகள் ஸ்டெல்லாவின் பெண் மெர்லினுக்குப் பிப்ரவரியில் கல்யாணம். மணப்பெண் கவுனுக்கு வெள்ளை லேஸ் துணியும் தலை முக்காட்டு வலையும் ஈப்போவில்தான் நன்றாகக் கிடைக்கும் என்று ஸ்டெல்லா போனில் சொல்லியிருந்தாள். தபாலில் அனுப்ப எனக்கு மனமில்லை. துணியை மடிப்பு விழாமல் ஒரு குழலில் சுற்றி, மேலே பிளாஸ்டிக் உறை போட்டு, கையிலேயே எடுத்து வந்தேன். நான் வேலை பார்க்கும் பள்ளி திறப்பதற்குள் திரும்பியாக வேண்டும். கல்யாணத்துக்கு இருக்க முடியாது. துணியைக் கொடுத்துவிட்டு, நாலைந்து நாள் தங்கிவிட்டுப் போவதாகத் திட்டம்.

பஸ் ஸ்டாண்டில் ஸ்டெல்லாவின் கணவர் ஆரோக்கியசாமி எஸ்டேட் ஜீப்போடு காத்திருந்தார். கிளியூர் போகும் வழியில், ஒரு காப்பி எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீட்டில் இருக்கிறார்கள். அவர் அங்கே ஜீப் ஓட்டுகிறார். ஸ்டெல்லாவுக்குக் காப்பி காயவைக்கும் களத்தில் வேலை. அறுவடைக் காலம் என்பதால் ஜீப்பின் பின்புறம் முழுக்கக் காப்பிப் பழத்தின் புளித்த வாசம். அவர் துணிக்குழலை வாங்கி முன் இருக்கையில் வைத்து, அதற்கும் ஒரு கயிறு கட்டினார். "அக்கா கீழ உழுந்தாலும் பரவால்லீங்க. இது உழுந்தா எம்பொண்ணு என்னைய ஊட்டுக்குள்ளயே உடமாட்டா."

அன்று இரவு சாப்பாடு அரிசிம்பருப்புச் சாதம். துவரம்பருப்பையும் அரிசியையும் ஒன்றாகப் போட்டுக் கிண்டி, மேலே நெய் விட்டுத் தருகிறார்கள். தொட்டுக்கொள்ள நார்த்தங்காய் ஊறுகாய். எங்கள் ஊரில் இத்தனை சாதாரணமான சாதத்தை விருந்தாளிக்குப் போடக் கூச்சப்படுவோம். நான் மூன்றாம் முறை கேட்டபோது ஸ்டெல்லாவின் முகம் மலர்ந்தது.

சாப்பிட்டுக்கொண்டே ஆரோக்கியசாமி ஒரு கதை சொன்னார். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஸ்டெல்லா அவருக்குப் பூச்சி மாத்திரை கொடுத்தாளாம்.

"மொத நாள் ஒண்ணும் ஆவலீங்க. ரெண்டாம் நாளு சாயங்காலம் கூட்டாளிங்க கூட ஒரு கிளாஸ் போட்டனுங்க, அவ்வளவுதான். மூஞ்சி செவந்துபோச்சு. நெஞ்சு படபடங்குது. கொடலே வெளிய வர்ற மாதிரி வாந்தி. வவுத்துல இருந்த பூச்சிக்கு நானே தேவலைன்னு ஆயிப்போச்சு. மிச்ச மாத்திரைய எடுத்துக் காட்டுக்குள்ள வீசிட்டனுங்க."

மெர்லினுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. ஸ்டெல்லா மட்டும் சாதக் கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கும் சிரிப்பு வரவில்லை. குடியோடு சேர்ந்தால் இப்படிப் புரட்டிப்போடும் ஒரு மாத்திரையை நான் அறிவேன். எங்கள் ஊர் கிளினிக்கில் எனக்கும் என் கணவருக்கும் அதைச் சேர்த்தே கொடுத்தார்கள். மருந்து கொடுத்த பெண் அவரைப் பார்த்து, இதைச் சாப்பிடும் நாட்களில் பீர்கூடக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னாள். அது பூச்சிக்கான மாத்திரை அல்ல.

மறுநாள் சனிக்கிழமை. ஸ்டெல்லா அரை நாள் லீவு சொல்லிவிட்டு என்னைக் கரடியூர் பக்கம் அழைத்துப் போனாள். மினி பஸ்ஸில் எங்களோடு இரண்டு ஆட்டுக்குட்டிகளும் வந்தன. அவற்றுக்கு டிக்கெட் உண்டா என்று கேட்டேன். "மடியில உக்காந்தா இல்லீங்க. எறங்கி நின்னா உண்டுங்க" என்றார் கண்டக்டர். அதைக் கேட்டு ஆட்டுக்காரர் இரண்டையும் அவசரமாக மடியில் தூக்கி வைத்துக்கொண்டார்.

மலை விளிம்பில் பனிமூட்டம் இன்னும் விலகவில்லை. கீழே சமவெளி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை. கேமரன் மலையில் இப்படி ஓர் இடம் இருந்தால் உடனே கம்பி வேலியும் ஸ்டிராபெரி கடையும் வந்துவிடும். இங்கே ஒரு பாறையும், ஆரஞ்சு விற்கும் ஒரு பெண்ணும்தான். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பாறையில் உட்கார்ந்தோம்.

"ஸ்டெல்லா, அது பூச்சி மாத்திரை இல்லைதானே?" என்றேன்.

அவள் தோலை உரித்துக்கொண்டே இருந்தாள். "உங்களுக்கு எப்படீங்கக்கா தெரியும்?"

"நானும் சாப்பிட்டிருக்கிறேன்."

நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். அப்புறம் எல்லாம் வந்தது.

மழை விட்ட சமயத்தில் கோயில் ஹாலில் பெண்களுக்கு ஒரு மருத்துவ முகாம் நடந்திருக்கிறது. ஸ்டெல்லாவுக்கு ரொம்ப நாளாகவே வெள்ளைப்பாடு, அரிப்பு, அடிவயிற்றில் ஒரு வலி. வெட்கத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். படுக்கவைத்து, விளக்கடித்து, கர்ப்பப்பையின் வாயில் பஞ்சால் ஏதோ தடவினார்கள்.

"என்னான்னு கேட்டேன். வினிகருன்னாங்க. ஊறுகாய்க்கு ஊத்தறது! எனக்குச் சிரிப்பு தாங்கல. அங்க வெள்ளையா ஒரு திட்டுத் தெரியுதுன்னு சொன்னாங்க. தொத்து வேற இருக்குதுன்னு மாத்திரை குடுத்தாங்க, எனக்கொரு பொட்டணம், அவருக்கொரு பொட்டணம். ஊட்டுக்காரரும் சாப்புட்டாத்தான் போவும், இல்லாட்டி அவருகிட்டயிருந்து மறுக்கா உனக்கே வந்துரும்னு நர்ஸம்மா சொன்னாங்க. அவருகிட்ட அதெப்படிங்க சொல்றது? அதான் பூச்சின்னு சொல்லிப்போட்டேன்."

"சரி, வெள்ளைத் திட்டுக்கு என்ன சொன்னார்கள்?"

"சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போயி, பூதக்கண்ணாடி வெச்ச மிசின்ல பாக்கச் சொன்னாங்க. அது எதுக்குங்க? வினிகரு போட்டாங்க, மாத்திரையும் சாப்புட்டேன். பத்தே நாள்ல வெள்ளைப்பாடு நின்னுபோச்சு, அரிப்பு இல்ல, வலி இல்ல. சுத்தமாயிருச்சுங்க."

வினிகரை அவள் மருந்தென்று எடுத்துக்கொண்டிருந்தாள். அது மருந்தல்ல. மாறிப்போன செல்கள் வினிகர் பட்டால் வெளுத்துத் தெரியும், பார்ப்பதற்காகத் தடவுவது அவ்வளவுதான். மாத்திரை தீர்த்தது வேறொன்றை.

எங்கள் கிளினிக் நர்ஸ் எனக்குச் சொன்னதை என்னால் முடிந்த மட்டும் சொன்னேன். உடலுறவில் தொற்றுவது ஒன்று மட்டுமல்ல. சிலது அரிக்கும், நாறும், வலிக்கும். மாத்திரையில் போய்விடும். இன்னொன்று ஒரு வைரஸ். அதற்கு அரிப்பும் கிடையாது, வலியும் கிடையாது. முக்கால்வாசிப் பேருக்கு எப்போதாவது வந்து, உடம்பே அதை விரட்டியும் விடும். ஆனால் முதல் வகைத் தொற்று அந்த இடத்தைப் புண்ணாக்கி வைத்திருந்தால், இந்த வைரஸ் போகாமல் தங்கிவிட வசதியாகப் போகிறது. பல வருடம் தங்கினால் செல்கள் மெல்ல மாறத் தொடங்கும். கவனிக்காமல் விட்டால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். இடையில் பிடித்துவிட்டால் சின்ன வைத்தியத்தோடு முடிந்துவிடும். எனக்கு அப்படித்தான் முடிந்தது.

"உங்களுக்கா?" என்றாள். ஆரஞ்சுச் சுளை கையிலேயே நின்றது. "ஏனுங்கக்கா, ஒரு வார்த்தை சொல்லலியே."

"நீ மட்டும் சொன்னாயா?"

சேலம் போய்ப் பார்த்துவிடலாம் என்றேன். கல்யாணம் முடிந்ததும் போவதாகச் சொன்னாள். பிறகு ஈஸ்டர் முடிந்ததும் என்றாள். அந்த ஆஸ்பத்திரியில் அந்த அறைக்குப் போக வேண்டுமானால் புற்றுநோய் என்று எழுதிய போர்டுக்கு அடியில் வரிசையில் நிற்க வேண்டுமாம். யாராவது பார்த்துவிட்டால்?

"இப்ப ஓலை வாசிக்கறாங்க. இந்த நேரத்துல எப்படீங்க?"

அதன் பொருள் எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் முழுவதுமாகப் புரிந்தது.

காலைப் பூசையின் முடிவில் சாமியார் மெர்லின் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் அவர்கள் பெற்றோர் பெயர்களையும் வாசித்தார். இரண்டாம் ஓலை. இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். எங்கள் ஊர்க் கோயிலிலும் இது உண்டு, அங்கே அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள், யாரும் நின்று படிப்பதில்லை. இங்கே பெயர் வாசித்ததும் கோயில் முழுவதும் திரும்பி ஸ்டெல்லாவைப் பார்த்தது. பெரும்பாலும் அன்பாகத்தான். ஆனால் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளுக்கு அந்தக் குடும்பத்தில் யார் எங்கே போகிறார்கள், எதற்குப் போகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். ஸ்டெல்லா முக்காட்டை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

வெளியே மாப்பிள்ளையின் அம்மா சகாயமேரி எங்களைப் பிடித்துக்கொண்டார். பருமனான, பலத்த குரல் உள்ள பெண்மணி. "மலேசியாச் சம்பந்தியா? லேஸ் துணி வந்திருச்சுங்களா? எம்மருமவளுக்கு நானே தெச்சுப்போடலாமுன்னு பாத்தேன், எங்கூட்டு மிசினு எம்மாதிரியே பெருமூச்சு உடுதுங்க." அவர் போகும்வரை ஸ்டெல்லா என் கையை விடவில்லை.

"இந்தம்மாவுக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரியும்" என்றாள் வழியில்.

ஆஸ்பத்திரிக்குப் போவது அவள் இஷ்டம், நான் இழுத்துப் போக முடியாது என்று சொன்னேன். ஆனால் கணவரிடம் உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும், அவர் மாத்திரையைப் பாதியில் வீசிவிட்டார், தொற்று திரும்பி வரும் என்றேன்.

"நீங்க சொல்லிருங்கக்கா."

"நான் சொன்னால் அது மருந்து விஷயம் ஆகிவிடும். நீ சொன்னால்தான் உங்கள் விஷயம்."

மத்தியானம் கோழிக்குழம்பு. சாப்பிட்டு முடித்து, மெர்லின் தையல்காரியிடம் துணியை எடுத்துக்கொண்டு போனதும், நான் பாத்திரங்களைத் திரட்டிக்கொண்டு கொல்லைக் குழாயடிக்குப் போனேன். லைன் வீட்டுச் சுவர்கள் மெல்லியவை. குழாயை வேகமாகத் திறந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் நின்றுபோனது.

ஸ்டெல்லாவின் குரல் நெடுநேரம் தாழ்ந்து ஒலித்தது. பிறகு அவர் குரல். "அதுக்கு ஏம்புள்ள பூச்சின்னு சொன்ன?" பிறகு அவரே, இன்னும் மெதுவாக, "நான் குடுத்ததா?"

சற்று நேரத்தில் அவர் வெளியே வந்து விறகு பிளக்க ஆரம்பித்தார். அடுப்புக்குத் தேவையான விறகு ஏற்கெனவே சுவரோரம் அடுக்கித்தான் இருந்தது. நான் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டை பிளந்ததும் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "ஏனுங்கக்கா, கல்யாணத்துக்கு முன்ன நான் லாரி ஓட்டுனவனுங்க. மங்களூரு வரைக்கும் போயிருக்கேன்."

"தம்பி, எங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி வந்தது" என்றேன். "டாக்டரிடமே கேட்டோம். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாதாம். இருபது வருடம்கூட அது சும்மா உட்கார்ந்திருக்கலாம். அதற்கப்புறம் என் கணவர் அந்தக் கேள்வியை விட்டுவிட்டார். ஒவ்வொரு தடவையும் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். எனக்கு அது போதுமாக இருந்தது."

அவர் கோடரியை ஊன்றிக்கொண்டு நின்றார். "இவ போவமாட்டேங்கறாளே" என்றார்.

திங்கட்கிழமை நான் களத்தைப் பார்க்கப் போனேன். எஸ்டேட்டின் சிமென்ட் களம் மலைச்சரிவில் படிப்படியாக இறங்குகிறது. தோல் நீக்கிக் கழுவிய காப்பிக்கொட்டை வெளிர் மஞ்சளாகப் பரப்பிக் கிடக்கிறது. பெண்கள் மரப்பலகையால் வரி வரியாகத் தள்ளி, புரட்டிப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். குடிக்கத் தந்தார்கள்: பால் இல்லாத, கருப்பட்டி போட்ட காப்பி. எங்கள் ஈப்போக் காப்பியில் வறுக்கும்போது சேர்க்கும் மார்ஜரினும் கெட்டிப்பாலும் மணக்கும். இதில் புகை மணத்தது. இவ்வளவு காப்பிக்கு நடுவில் வேலை செய்கிறவர்களுக்கு உடைந்த கொட்டைதான் கிடைக்கிறது என்பதை அவர்களே வேடிக்கையாகச் சொன்னார்கள்.

ஸ்டெல்லாவின் வேலை கடித்துப் பார்ப்பது. களத்தின் மூலைக்கொன்றாக, நடுவில் ஒன்றாக, அடியில் கைவிட்டு ஒன்றாக எடுத்து, மேல்தோலை நகத்தால் உரித்துப் பல்லுக்கு நடுவில் வைக்கிறாள். காய்ந்த கொட்டை பல்லுக்கு மசியாது. ஈரம் நின்ற கொட்டையில் பல் பதியும். கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டரிடம் ஈரம் அளக்கும் கருவி ஒன்று உண்டு. அவரும் முதலில் ஸ்டெல்லாவைக் கேட்டுவிட்டுத்தான் அதை எடுப்பாராம்.

அன்று மேற்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது. ரைட்டருக்கு அவசரம். "ஸ்டெல்லாம்மா, மழை வந்தா எல்லாம் போயிரும். தொட்டாச் சலசலங்குது, மூட்டை கட்டிரலாமா?"

ஆரோக்கியசாமி ஜீப்பைக் களத்தோரம் நிறுத்திவிட்டு வந்தார். கொட்டையை ஒரு கை அள்ளி, விரல்களுக்கிடையே வழியவிட்டார். "ஆமாம்புள்ள. மேல நல்லாத்தான் காஞ்சு கெடக்குது. கட்டிரு."

ஸ்டெல்லா வாயிலிருந்த கொட்டையை உள்ளங்கையில் துப்பி அவர் முன்னால் நீட்டினாள். நடுவில் பல் பதிந்திருந்தது.

"மேல காஞ்சா ஆச்சுங்களா? உள்ள ஈரம் நிக்குது. இதைக் கட்டி வெச்சா மூட்டையோட பூசணம் பூத்துப்போவும். இத்தன வருசமா ஜீப்புல ஏத்தறீங்க, இது தெரியாதா?"

"தெரியும்" என்றார். குரலை இறக்கிக்கொண்டார். பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது. "அப்பறம் நீ மட்டும் எப்படிப்புள்ள அரிப்பு நின்னதுமே மூட்டை கட்டிப்போட்ட?"

அவள் கை நீட்டியபடியே நின்றது. மற்றப் பெண்கள் பலகை தள்ளிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் எதுவும் புரிந்திருக்காது. ரைட்டர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா அந்தக் கொட்டையை ஒரு கணம் பார்த்தாள், பிறகு களத்தில் எறியாமல் சேலை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"தார்ப்பாய எடுத்துட்டு வாங்கடி" என்று கத்தினாள். "மூடி வெப்போம். நாளைக்கி மறுக்கா வெயில்ல போட்டுக்கலாம்." பிறகு ரைட்டரிடம், "நாளைக்கி நானும் இவரும் லீவுங்க. சேலம் போறோம்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை மூன்று பேரும் பஸ் ஏறினோம். ஸ்டெல்லா ஞாயிற்றுக்கிழமைச் சேலை கட்டியிருந்தாள். ஆரோக்கியசாமி சவரம் செய்து, ஜீப் ஓட்டும்போது போடாத வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பெண் பார்க்கப் போகிறவர்கள் போல இருந்தார்கள். பஸ் புறப்படும் நேரத்தில் பின்வாசல் வழியாக ஒரு பெருத்த பையும், அதன் பின்னால் சகாயமேரியும் ஏறினார்கள்.

"அடடே, சம்பந்தி! எங்கீங்க குடும்பத்தோட கெளம்பிட்டீங்க?"

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். ஜவுளி வாங்க என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் கண்டக்டர் விசில் அடித்தார், பேச்சு தப்பியது. ஆனால் தப்பித்தது கொஞ்ச நேரம்தான். பாதி மலையில், வளைவு ஒன்றில், மேலே ஏறிய சிமென்ட் லாரி திரும்ப முடியாமல் குறுக்கே நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் வண்டிகள் சேர்ந்தன. டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே குதித்தார். எல்லாரும் இறங்கினோம். லாரிக்காரருக்கு ஆளாளுக்கு ஒரு திசையில் கை காட்டினார்கள். ஆரோக்கியசாமியால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை, பழைய லாரிக்காரர் அல்லவா, அவரும் போனார். நாங்கள் மூன்று பெண்களும் சாலையோரக் கட்டைச்சுவரில் உட்கார்ந்தோம். ஒரு குரங்கு வந்து சகாயமேரியின் பையை ஆராய ஆரம்பித்தது.

"கேட்டனே, எங்க போறீங்கன்னு?" என்றார் சகாயமேரி குரங்கை விரட்டிக்கொண்டே.

ஸ்டெல்லா கையிலிருந்த கைக்குட்டையை நான்காக மடித்தாள். "பெரியாஸ்பத்திரிக்குங்க" என்றாள். "அன்னைக்கி முகாம்ல பாத்தாங்களே. எனக்குக் கர்ப்பப்பை வாயில ஒரு திட்டுத் தெரிஞ்சுது. புத்துநோயா ஆவுமான்னு பாக்கோணுமாம். உங்ககிட்ட மறைச்சுக் கல்யாணம் பண்ணக்கூடாது பாருங்க. அதான் சொல்லிட்டேன்."

ஒரே மூச்சில் சொன்னாள். குரங்கு அதற்குள் பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்துக்கொண்டு சுவரேறியது. சகாயமேரி அதைக்கூடக் கவனிக்கவில்லை.

"நான் அந்த முகாமுக்கு வந்தனுங்க" என்றார் கடைசியில். அந்தப் பலத்த குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. "ஹால் வாசப்படி வரைக்கும் வந்தேன். உள்ள தெரை கட்டியிருந்தாங்க. பயமாப் போச்சு, திரும்பிட்டேன். எனக்கு வெள்ளைப்பாட்டுத் தொந்தரவு இருக்குதுங்க சம்பந்தி, நாலஞ்சு வருசமா." கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார். "நொம்ப வலிக்குமா?"

"இல்லீங்க. சில்லுன்னு இருக்கும். வெக்கமாத்தான் இருக்கும்."

"வெக்கம் கெடக்குது" என்றார் சகாயமேரி. "நீங்க பாத்துட்டு வாங்க. எந்த வாசல்ல போவோணும், யாரக் கேக்கோணும்னு வந்து சொல்லுங்க. அடுத்த தடவை என்னையக் கூட்டிட்டுப் போங்க."

லாரி ஒரு வழியாகத் திரும்பியது. கைதட்டினார்கள். ஆரோக்கியசாமி கை முழுவதும் கிரீஸோடு, வெள்ளைச் சட்டையில் ஒரு கோடும் வாங்கிக்கொண்டு வந்தார். மனைவியும் சம்பந்தியம்மாவும் கைகோத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுப் பஸ்ஸில் ஏறினார்.

ஆஸ்பத்திரியில் போர்டு இருந்தது, வரிசையும் இருந்தது. வரிசையில் ஸ்டெல்லாவுக்கு முன்னால் சங்ககிரிப் பக்கத்துப் பெண், பின்னால் கையில் கைக்குழந்தையோடு ஒருத்தி. யாரும் யாரையும் ஏற இறங்கப் பார்க்கவில்லை. எங்கள் ஊர் கிளினிக்கில் குளிர்சாதனம் உண்டு, நம்பர் காட்டும் திரை உண்டு, ஆனால் காத்திருப்பவர்கள் பேசிக்கொள்ளமாட்டார்கள். இங்கே சங்ககிரிக்காரி எல்லாருக்கும் வறுத்த கடலை கொடுத்தாள்.

டாக்டர் இளவயதுப் பெண். பூதக்கண்ணாடிக் கருவியில் பார்த்து, திட்டிலிருந்து நகக்கண் அளவு சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வரச் சில வாரம் ஆகுமாம். பார்த்தவரையில் பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் முடிவு வராமல் எதுவும் சொல்லமாட்டேன் என்றார். தொற்று மாத்திரையை இரண்டு பேருக்கும் மறுபடி எழுதினார். ஆரோக்கியசாமியை உள்ளே கூப்பிட்டு, மாத்திரை முடியும்வரை குடிக்கக் கூடாது, சேரவும் கூடாது என்று நேராகவே சொன்னார். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்கம்மா. பூச்சின்னு நெனச்சு ஏமாந்துட்டனுங்க" என்றாராம். டாக்டருக்கு விளங்கவில்லை. ஸ்டெல்லாவுக்கு வலியோடு சிரிப்பும் வந்திருக்கிறது.

மெர்லினுக்கு அந்த வைரஸ் வராமல் போடும் தடுப்பூசி பற்றியும் நான் கேட்டேன். சின்ன வயதில் போடுவதுதான் நல்லது, இப்போது போட்டாலும் ஓரளவு பயன் உண்டு, அழைத்து வாருங்கள் என்றார்.

பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தட்டுவடை செட் சாப்பிட்டோம். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் காரச் சட்டினியும் வைத்து, ஒரே வாயில் போடச் சொல்கிறார்கள். நான் இரண்டாகக் கடித்தேன். சட்டினி ஜாக்கெட்டில் வழிந்தது. கடைக்காரர், "ஊருக்குப் புதுசுங்களா?" என்றார். ஸ்டெல்லா அன்று முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

மறுநாள் நான் மலையிறங்கினேன். பஸ்ஸில் ஏறும்போது ஸ்டெல்லா முந்தானை முடிச்சை அவிழ்த்து, பல் பதிந்த அந்தக் கொட்டையை என் கையில் வைத்தாள். இதை எடுத்துப் போய், நடந்ததை எழுதுங்கள் என்றாள், பேரை மட்டும் மாற்றச் சொன்னாள். "நல்ல பேரா வெய்ங்க. ஸ்டெல்லான்னு வெய்ங்க, எனக்கு அந்தப் பேரு புடிக்கும்." அப்படியே வைத்திருக்கிறேன்.

கல்யாணத்தின் படங்கள் வந்தன. லேஸ் முக்காடு மெர்லினின் முழங்கால்வரை இறங்கியிருந்தது. ஆரோக்கியசாமி கையில் கோலி சோடாவோடு நின்றார். ஒரு வாரம் கழித்து, பள்ளி அலுவலகத்தில் புதிய மாணவர்களின் பெயர்களைப் பதிந்துகொண்டிருந்தபோது, ஸ்டெல்லாவின் குரல் பதிவு வந்தது. கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். பின்னணியில் களத்தில் பலகை தள்ளும் சத்தம்.

"ஏனுங்கக்கா, கடிச்சுப் பாத்துட்டாங்க. உள்ள ஈரம் இருந்துச்சாம். ஆனா இன்னும் பூக்கலீங்களாம். புத்துநோய் இல்ல, அதுக்கு முன்னாடி கட்டமாம். சூடு வெச்சு அந்த எடத்தைச் சுட்டுட்டாங்க. சுருக்குன்னு இருந்துச்சு, அவ்வளவுதான். இவரு வெளிய நின்னு அழுதாராம், சங்ககிரிக்காரம்மாவும் அன்னைக்கி வந்திருந்துச்சு, அதுதான் சொல்லிச்சு. சம்பந்தியம்மாவும் கூட வந்தாங்க, அவிங்களுக்கும் பாத்தாச்சு, தொத்து மட்டுந்தான். பஸ் பூரா அதைச் சொல்லிட்டே வந்தாங்க, இப்ப நாலு பேரு என்னைய எப்பக் கூட்டிட்டுப் போறேன்னு கேக்கறாங்க." யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். இருங்கடி என்றாள். "அடுத்த வருசம் மறுக்கா வரச் சொல்லியிருக்காங்கக்கா. மறுக்கா கடிச்சுப் பாக்கோணுமாம். பாத்துட்டாப் போச்சு."